மேலே மின்கம்பி, கீழே இளகிய மண்!
கிரேன் அருகில் வேலை செய்வோர் உயிர் காக்கும் வழிகள்

கிரேனின் கை மின்கம்பியில் பட்டுவிட்டால் முதலில் பலியாவது யார்? கிரேனை ஓட்டுபவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஓட்டுபவர் பெரும்பாலும் உயிர் தப்பிவிடுகிறார். கீழே தரையில் நின்றுகொண்டு, தொங்கும் சுமை ஆடாமல் கையால் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளர்தான் சுருண்டு விழுகிறார்.

மும்பை, தானே, பன்வேல் பக்கத்து வேலைத்தலங்களில் இவரைக் "கலாசி" என்பார்கள். "ஹெல்பர்" என்றும் சொல்வார்கள். கிரேன் ஓட்டுவதற்கு உரிமம் கேட்பார்கள். சுமையைப் பிடிப்பதற்குப் பல இடங்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊரிலிருந்து நேற்று ரெயிலில் வந்து இறங்கியவரைக்கூட இன்று காலை அந்த வேலைக்கு நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாதவரே அதிக ஆபத்தான இடத்தில் நிற்கிறார்.

கிரேன் விபத்துகளில் மிகுந்த உயிர்ச்சேதம் உண்டாக்குபவை இரண்டு. ஒன்று, மின்கம்பியில் படுவது. மற்றொன்று, கிரேன் கவிழ்வது. இரண்டுமே எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொண்டால், தடுக்கும் வழியும் தெரிந்துவிடும்.

கம்பியில் உட்காரும் காகம்

உயர் அழுத்த மின்கம்பியில் காகம் உட்காருகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம், அதன் உடலில் மின்சாரம் நுழைய வழி உண்டு. வெளியேற வழி இல்லை. கிரேன் அறைக்குள் இருக்கும் ஓட்டுனர் நிலையும் அதுதான். அவரைச் சுற்றியுள்ள இரும்பு முழுவதும் ஒரே மின் அழுத்தத்தில் இருக்கிறது. அவர் தரையைத் தொடாதவரை மின்சாரம் அவர் உடல் வழியாகப் போகாது.

கீழே நிற்பவரின் நிலை வேறு. அவருடைய கை சுமையில் இருக்கிறது. கால் தரையில் இருக்கிறது. பூம் எனப்படும் கிரேனின் கையில் இறங்கும் மின்சாரம், கம்பி வடத்தின் வழியாகச் சுமைக்கு வந்து, அவருடைய கையில் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, காலின் வழியாக மண்ணுக்குப் போகிறது.

தெருக்களில் செல்லும் 11 ஆயிரம் வோல்ட் பாதையில், ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 6 ஆயிரத்து 350 வோல்ட் அழுத்தம் இருக்கிறது. மனித உடலின் மின்தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று கொண்டால், 6 ஆம்பியர் மின்சாரம் பாயும். வீட்டில் எரியும் பழைய 60 வாட் குண்டு பல்பில் ஓடுவது கால் ஆம்பியர்தான். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதிக்கும் குறைவான, அதாவது பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் அளவே போதும். 6 ஆம்பியர் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"ரப்பர் டயர் இருக்கிறதே, மின்சாரம் எப்படித் தரைக்குப் போகும்?" என்று சிலர் கேட்பார்கள். டயருக்குள் இரும்புக் கம்பியும் கரித்தூளும் கலந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தை அது தாங்காது. கிரேனின் இரும்புக் கால்களை இறக்கி ஊன்றியிருந்தால், அந்த ரப்பரும் கணக்கில் இல்லை. காலில் போட்டிருக்கும் செருப்பும், கையில் மாட்டியிருக்கும் சாதாரண கையுறையும் அப்படித்தான். ஈரமான கயிறுகூட மின்சாரத்தைக் கடத்தும்.

"எர்த்" கொடுத்தால் போதுமா?

கிரேனுக்குச் செம்புக் கம்பியால் "எர்த்" கொடுத்து, தரையில் ஒரு இரும்புக் கம்பியை அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல வேலைத்தலங்களில் இருக்கிறது. இது அரைகுறை உண்மை. அரைகுறை உண்மைதான் ஆளைக் கொல்லும்.

மின்சாரம் சுலபமான வழியில் மட்டும் போகும் என்பது தவறான எண்ணம். இருக்கிற எல்லா வழிகளிலும் அது பிரிந்து போகும். தண்ணீர்த் தொட்டியில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதால், பக்கத்தில் உள்ள சிறிய ஓட்டையில் ஒழுகுவது நின்றுவிடுமா? தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை இரண்டிலும்தான் ஒழுகும். "எர்த்" கம்பி பெரிய ஓட்டை. சுமையைப் பிடித்திருக்கும் மனிதர் சிறிய ஓட்டை.

அப்படியானால் "எர்த்" எதற்கு? அதன் பயன் வேறு. பெரிய அளவில் மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்தால், துணை மின்நிலையத்தில் உள்ள தானியங்கிக் கருவி அதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆனால் பாறைத் தரையிலும் காய்ந்த மண்ணிலும் போதிய அளவு மின்சாரம் பாயாமல் போகலாம். அப்போது கருவி ஏமாந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பாதைகளில், துண்டிக்கப்பட்ட மின்சாரம் சில விநாடிகளில் தானாகவே திரும்ப வரும். "கரண்ட் போய்விட்டது" என்று நினைத்து ஓடிப்போய்த் தொட்டவர், இரண்டாவது முறை வரும் மின்சாரத்துக்கு இரையாவார்.

உயர் அழுத்தக் கோபுரப் பாதைகளுக்கும், வானொலி ஒலிபரப்புக் கோபுரங்களுக்கும் அருகில் வேலை செய்யும்போது "எர்த்" மிகவும் அவசியம். அங்கே கம்பியைத் தொடாமலே கிரேனின் நீண்ட இரும்புக் கையில் மின்சாரம் தூண்டப்படும். ஊக்கைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும்; கை பொசுங்கும்; திடுக்கிட்டு உயரத்திலிருந்து விழுவதும் உண்டு. இந்தத் தூண்டிய மின்சாரத்தை வெளியேற்ற, கிரேனின் சுழலும் மேற்பகுதிக்கும் தனியாகச் சுமைக்கும் "எர்த்" இணைப்பு கொடுக்க வேண்டும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில், மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால், விலகி நிற்க வேண்டும். "எர்த்" என்பது இந்த இரண்டுக்கும் பிறகு வரும் துணை. அது முதல் இரண்டுக்கும் பதில் ஆகாது.

எவ்வளவு தூரம்?

இந்திய மின்சார விதிகளின்படி, தெருவைக் குறுக்கே கடக்கும் 11 ஆயிரம் வோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருக்க வேண்டும். லாரிக்கு இந்த உயரம் போதும். ஆனால் சாதாரண "ஹைட்ரா" கிரேனின் கையே அதைப்போல் இரண்டு மடங்கு உயரம் போகக்கூடியது.

அமெரிக்காவில் 2010-ம் ஆண்டில் வெளியிடப்பட்ட கிரேன் விதிகள், 50 ஆயிரம் வோல்ட் வரை உள்ள கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தூரம் விலகியிருக்க வேண்டும் என்று கூறுகின்றன. அழுத்தம் கூடக் கூட இந்தத் தூரமும் கூடும். எத்தனை வோல்ட் என்று தெரியாவிட்டால் 20 அடி என்று வைத்துக்கொள்வது நல்லது. கிரேனின் கைக்கு மட்டும் அல்ல, அதில் தொங்கும் வடத்துக்கும் சுமைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மிக உயர்ந்த அழுத்தத்தில் கம்பி படவேண்டும் என்பதுகூட இல்லை. இடைவெளி குறைந்தாலே மின்சாரம் காற்றில் தாவிவிடும்.

ஓட்டுனர் அறையில் இருந்து பார்ப்பவருக்கு வானத்தின் பின்னணியில் மெல்லிய கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் தூரம் புரியாது. எனவே கம்பியை மட்டுமே கவனிப்பதற்கு ஓர் ஆளைத் தனியாக நிறுத்த வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

ரெயில் பாதை அருகில்

மும்பையில் முதல் மின்சார ரெயில் 1925-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி விக்டோரியா டெர்மினஸ் நிலையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. அப்போது 1,500 வோல்ட். இப்போது புறநகர்ப் பாதைகளின் மேலே செல்வது 25 ஆயிரம் வோல்ட். பழைய நாள் பழக்கத்தில் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது.

ரெயில் பாதை அருகே கிரேன் வேலை என்றால், "பவர் பிளாக்" எனப்படும் மின்நிறுத்தம் எழுத்து மூலம் பெற்றிருக்க வேண்டும். "சொல்லிவிட்டோம், நிறுத்திவிடுவார்கள்" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. நிறுத்திய பிறகும் வேலை முடியவில்லை. பக்கத்துப் பாதையில் ஓடும் மின்சாரம், நிறுத்தப்பட்ட கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டும். ஆகவே கம்பியைச் சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கண்ணுக்குத் தெரியும்படி "எர்த்" கம்பியை மாட்டிய பிறகே கிரேனின் கை உயர வேண்டும். இந்த இரண்டு "எர்த்" கம்பிகளையும் கண்ணால் பார்க்கும் உரிமை அங்கே வேலை செய்யும் கடைசித் தொழிலாளிக்கும் உண்டு.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

கிரேன் கம்பியில் பட்டுவிட்டால், ஓட்டுனர் அறையை விட்டு இறங்கக் கூடாது. கம்பி சிக்கிக்கொள்ளாமல் இருந்தால், வந்த வழியே கையைத் திருப்பி விலக்கலாம். இல்லையென்றால் மின்சாரம் நிறுத்தப்பட்டதாக மின்துறை ஊழியர் வந்து உறுதி சொல்லும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால் மட்டும் இறங்கலாம். அதுவும் படியில் கால் வைத்து இறங்கக் கூடாது. ஒரு கை கிரேனிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும் அந்த ஒரு கணத்தில் உயிர் போய்விடும். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, கிரேனைத் தொடாமல் வெளியே குதிக்க வேண்டும். குதித்த பிறகு கால்களைப் பிரிக்காமல், பாதத்தைத் தரையிலேயே தேய்த்துச் சிறிது சிறிதாக நகர்ந்து விலக வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. குளத்தில் கல் விழுந்தால் அலை வட்டமாகப் பரவுவதைப்போல், கிரேனைச் சுற்றித் தரையில் மின் அழுத்தம் பரவி நிற்கிறது. கிட்டே அதிகம், எட்டப் போகப் போகக் குறைவு. நீளமாக அடி எடுத்து வைத்தால், ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே பெரும் வித்தியாசம் ஏற்பட்டு, மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும்.

கீழே இருப்பவர்கள் குறைந்தது 10 மீட்டர் தூரம் விலகிவிட வேண்டும். விழுந்து கிடப்பவர் அண்ணனாக இருந்தாலும் தம்பியாக இருந்தாலும், மின்சாரம் நிற்கும்முன் தொடக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது, மூன்றாவது ஆளும் இறந்த கதைகள் ஏராளம். மின்சாரம் நின்ற பிறகு, அவர் மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 108 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எழுந்து நின்று "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மின்சாரக் காயம் வெளியே சிறிதாகத் தெரியும். உள்ளே பெரிதாக இருக்கும்.

மின்சாரம் பாய்ந்த டயர் உள்ளுக்குள் வெந்து, பல மணி நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். விபத்து முடிந்துவிட்டது என்று அருகில் போய் வேடிக்கை பார்க்கக் கூடாது.

கவிழ்வது ஏன்?

"இது 14 டன் கிரேன். 5 டன் தூக்காதா?" என்று மேஸ்திரி கேட்பார். 14 டன் என்பது கிரேனுக்கு மிக அருகில் தூக்கும்போது உள்ள கணக்கு. தராசைப்போலத்தான் கிரேனும். 3 மீட்டர் தூரத்தில் 5 டன் தூக்கும் கிரேன், 6 மீட்டர் தூரத்தில் 2½ டன்கூடத் தூக்காது. ஏனென்றால், நீட்டிய கையின் எடையும் சேர்ந்து முன்னால் இழுக்கும்.

லோடு சார்ட் எனப்படும் சுமைப் பட்டியல் ஓட்டுனர் அறையில் இருக்க வேண்டும். கவிழும் எடையில் 75 அல்லது 85 சதவீதத்தைத்தான் தூக்கலாம் என்று அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். மீதி உள்ளது, எதிர்பாராத ஆட்டத்துக்கும் காற்றுக்குமான பாதுகாப்பு. "கொஞ்சம் கூடத் தூக்கலாம்" என்பவர் அந்தப் பாதுகாப்பைத் தின்று தீர்க்கிறார்.

பின்சக்கரம் மேலே எழும்பினால், நாலு பேரைப் பின்னால் ஏற்றி நிற்கவைத்துச் சுமை தூக்குவது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. நாலு பேரின் எடை கால் டன்னுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சக்கரம் எழும்புகிறது என்றால் கிரேன் "முடியாது" என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆள் ஏற்றுவது தற்கொலைக்குச் சமம்.

"ஹைட்ரா" வண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. நடுவில் ஒடிந்து திரும்பும் வண்டி அது. நேராக நிற்கும்போது தூக்கும் எடையை, திரும்பிய நிலையில் தூக்க முடியாது. சுமையோடு போகும்போது சுமையைத் தரைக்கு அருகில் வைத்து, மெதுவாகப் போக வேண்டும். சுமை முன்னால் தொங்குவதால் ஓட்டுனருக்குப் பாதை சரியாகத் தெரியாது. சுமையைக் கையால் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடப்பவர் தடுக்கி விழுந்தால், சக்கரம் அவர்மேல் ஏறிய பிறகுதான் ஓட்டுனருக்குத் தெரியும். நீளமான காய்ந்த கயிற்றைக் கட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று பிடிக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

மண் தாங்குமா?

பெரிய கிரேன்களில் நான்கு பக்கமும் நீளும் இரும்புக் கால்களை "அவுட்ரிகர்" என்கிறார்கள். 25 டன் எடையுள்ள கிரேன் 5 டன் சுமையைத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 டன். நான்கு கால்களுக்கும் சமமாகப் பிரிந்தால் ஒரு காலுக்கு 7½ டன். ஆனால் அப்படிப் பிரியாது. கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்துக் கால் ஒன்றே 20 டன் வரை தாங்க வேண்டி வரும்.

அந்தக் காலின் அடித்தட்டு 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர மீட்டருக்கு 125 டன் அழுத்தம். மும்பை போன்ற இடங்களில் கடலை நிரப்பிய மண்ணும் களிமண்ணும் அதிகம். அத்தகைய மண் சதுர மீட்டருக்கு 10 அல்லது 15 டன் தாங்கினாலே பெரிது. அதே காலுக்கு அடியில் 1.2 மீட்டர் சதுரத்தில் கெட்டியான மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கினால், அழுத்தம் சதுர மீட்டருக்கு 14 டன்னாகக் குறைந்துவிடும். நாலு கட்டைகளும் கால் மணி நேர உழைப்பும் ஒரு கிரேனைக் காப்பாற்றும். உடைந்த செங்கல்லும் ஓட்டைப் பலகையும் உதவாது.

பாதாளச் சாக்கடை மூடி, கேபிள் புதைத்து மூடிய பள்ளம், மழைநீர்க் கால்வாய் ஆகியவற்றின்மேல் காலை ஊன்றக் கூடாது. திறந்த பள்ளம் இருந்தால், அது எத்தனை அடி ஆழமோ குறைந்தது அத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். இளகிய மண்ணானால் அதைப்போல் இரண்டு மடங்கு. மழை பெய்த மறுநாள், நேற்றுத் தாங்கிய இடம் இன்றும் தாங்கும் என்று நம்பக் கூடாது.

கிரேன் மட்டமாக நிற்பதும் முக்கியம். 30 மீட்டர் உயரத்துக்குக் கையை நிமிர்த்தியிருக்கும்போது கிரேன் 3 டிகிரி சாய்ந்தால், உச்சி 5 அடிக்குமேல் பக்கவாட்டில் தள்ளிப்போகும். பட்டியலில் உள்ள எந்தக் கணக்கும் அப்போது செல்லாது.

காற்றின் கொடுமை

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் தள்ளும் சக்தி நான்கு மடங்காகும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் விளையாட்டு அரங்கம் கட்டும்போது, 1999-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, பலத்த காற்றில் கூரையின் ஒரு பகுதியைத் தூக்கிய ராட்சத கிரேன் சாய்ந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2015-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி மெக்காவில் புயல்காற்றில் கிரேன் சாய்ந்து 100-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அந்தக் கிரேன் அப்போது வேலையில்கூட இல்லை. நீண்ட கையை இறக்காமல் விட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் மறக்க முடியாத சம்பவங்கள் உண்டு. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி தஞ்சை அருகே களிமேட்டில், தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அது கிரேன் அல்ல. ஆனால் உயரமான பொருளைக் கம்பிக்கு அடியில் நகர்த்தும்போது நடக்கும் அதே ஆபத்து. 2023-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி அரக்கோணம் அருகே கீழ்வீதியில், கோவில் திருவிழாவில் பக்தர்களைத் தாங்கிய கிரேன் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். சுமை தூக்கும் கிரேன் மனிதர்களைத் தூக்குவதற்கு உரியது அல்ல.

குமாஸ்தாக்களும் பொறுப்பாளிகள்

கிரேன் பாதுகாப்பு ஓட்டுனர், கலாசி இவர்களின் கவலை மட்டும் அல்ல. வேலைத்தலத்தில் நேரம் குறிப்பவரும், கணக்கு எழுதும் குமாஸ்தாவும் நினைத்தால் பல விபத்துகளைத் தடுக்கலாம்.

சுமை தூக்கும் இயந்திரங்களை 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதித்துச் சான்று தரவேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வற்புறுத்தியது. வாடகைக்கு வரும் கிரேனின் சான்றுத் தேதியை வாயிலிலேயே பார்த்துக் குறிக்கலாம். ஓட்டுனரின் உரிமத்தைப் பார்க்கலாம். கம்பிக்கு அருகில் வேலை என்றால், மின்நிறுத்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்த பிறகே கிரேனை உள்ளே விடலாம்.

இன்னொன்று, வருகைப் பதிவேடு. விபத்து நடந்த பிறகு, இறந்தவர் "எங்கள் ஆள் அல்ல" என்று சொல்லும் காண்டிராக்டர்கள் உண்டு. பெயர் முதல் நாளே பதிவேட்டில் ஏறியிருந்தால், ஊரில் இருக்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நஷ்டஈடு கேட்க அதுவே ஆதாரம். வேலைக்குச் சேருபவர் தம் பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் இல்லை.

ஒரு சைகை

இந்தி தெரியவில்லை, மராத்தி தெரியவில்லை என்று ஆபத்தைப் பார்த்தும் சும்மா இருப்பவர்கள் உண்டு. கிரேன் வேலையின் சைகைகளுக்கு மொழி இல்லை. ஒரு கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னும் பின்னும் அசைத்தால் "நிறுத்து" என்று அர்த்தம். இரண்டு கைகளையும் அப்படி நீட்டி அசைத்தால் "அவசரம், உடனே நிறுத்து" என்று அர்த்தம்.

தூக்கு, இறக்கு, திருப்பு என்ற சைகைகளை நியமிக்கப்பட்ட ஒருவர் மட்டுமே காட்ட வேண்டும். ஆனால் "நிறுத்து" என்ற சைகையை யார் காட்டினாலும் ஓட்டுனர் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் உலகெங்கும் உள்ள முறை. காட்டுபவர் என்ஜினீயரா, நேற்று வந்த கலாசியா என்று பார்க்கக் கூடாது. மேஸ்திரி கோபித்துக்கொண்டால் ஒரு நாள் கூலி போகலாம். அதற்குப் பயந்து கையை மடக்கிக்கொண்டு நிற்பதைவிட, அந்தக் கையை நீட்டுவது மேல்.